கோட்டையை உடைத்தது யார்

12 ஜூன் 1996, புதன்

இன்று வரலாற்று வகுப்பில் பதினேழாம் நூற்றாண்டுப் போர்கள். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டைகளை மிஸ் படத்தில் காட்டினார். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தின் கோட்டையும் இருந்தது. அந்தப் படத்தின் அடியில், போருக்குப் பயந்த சனங்கள் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். "முந்நூறு வருடமாக அசையாமல் நிற்கிறது" என்றார் மிஸ்.

"இல்லை மிஸ், என் அண்ணா உடைத்தார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. குண்டுக்குப் பதுங்கும் பங்கர் கட்ட, கோட்டையை உடைத்துக் கல் எடுக்க, ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கம் வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டதையும் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. வகுப்புக்கு வந்து கதைக்கச் சொல்லி நாளை அண்ணாவுக்கு ஃபோன் பண்ணுவாராம்.

வெள்ளிக்கிழமை அண்ணாவுக்கு அகதி விசா நேர்காணல். இயக்கத்துக்கு ஒரு வேலையும் செய்யவில்லை என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். செய்தது தெரிந்தால் விசா கிடைக்காது.

சாப்பிடும்போது அண்ணா, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன்.

இப்போது பக்கத்து அறையில் அம்மா கேள்வி கேட்க, அண்ணா பதில்களைப் பாடமாக்குகிறார்.

"கோட்டைக்குள்ள போனனீயோ?"

"இல்லை. தூரத்தில நிண்டு பார்த்தனான்."

"நிலத்தைப் பாராதை. என்னைப் பார்த்துச் சொல்லு."

மறுபடியும் சொன்னார். குரல் நடுங்கவில்லை.

எழுந்து அவர்களுடைய கதவு வரை போனேன். "இப்ப சரி, நானே நம்பிட்டன்" என்று அம்மா சிரிப்பது கேட்டது. மிஸ் ஃபோன் பண்ணப் போவதைச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.