மஞ்சள் கோடு போட்ட பத்தி

மார்ச் 4, செவ்வாய்

காலை வகுப்பில் ஏழு பேர். ஒருவர் பல்வலி என்று வரவில்லை. போன வாரம் அவருக்கே காதுவலி. தண்ணீரில் இறங்காமல் இருக்க ஒரு மனுஷனுக்கு எத்தனை வலி வருகிறது!

பதிப்பகத்திலிருந்து எடிட்டரம்மா போன். "முதல் அத்தியாயத்துல கடைசிப் பத்தி இருக்கே, அதைப் பின்னட்டையிலயே போட்டுடலாம்." இருபது வருடமாகப் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன், இது என் முதல் புத்தகம். அதற்குள் பின்னட்டை! போனை வைத்துவிட்டு நீச்சல் குளத்தின் கரையிலேயே ஒரு சுற்று ஆடினேன்.

பத்தி இதுதான்: "தண்ணீரை இறுகப் பிடித்தால் கையில் ஒன்றும் நிற்காது. விட்டுவிட்டுச் சாய்ந்தால் அதுவே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை நாள் நான் பயந்தது தண்ணீருக்கு இல்லை, கையை விடுவதற்கு."

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எப்போ பயந்த?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எனக்குத் திக்கென்றது. நாலு வயதில் ஆழத்தில் குதித்தவள் நான். பயமா, எனக்கா? அப்படியென்றால் இதை எழுதியது யார்?

கரையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். ஈரத்தில் மை கரையும் என்று பென்சில்தான். படித்தது, கேட்டது, தோன்றியது எல்லாம் அதில் — எது யாருடையது என்று ஒரு குறிப்பும் இல்லை. அதை வைத்துத்தான் மொத்தப் புத்தகமும் எழுதினேன். அறிவு, அறிவு!

மார்ச் 7, வெள்ளி

எடிட்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"மூணு கலர் பென்சில் வாங்குங்க. உங்க வரிக்கு நீலம், அடுத்தவங்களோடதுக்குச் சிவப்பு, தெரியலைன்னா மஞ்சள். மஞ்சள் பாக்கி இருந்தா அந்தப் பகுதி அச்சுக்குப் போகாது. இருபதாம் தேதி வரைக்கும் டைம்."

"நாலு வார்த்தையை மாத்திப் போட்டா?" வெட்கமில்லாமல் கேட்டேன்.

"சட்டையை மாத்திட்டா ஆள் வேறயா ஆயிடுவாரா?"

மார்ச் 9, ஞாயிறு

அலமாரியிலிருந்த ஆறு நீச்சல் புத்தகங்களையும் இறக்கி வரி வரியாக ஒப்பிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் கால் உதைக்கும் பயிற்சி, ஐந்து படிகளும் ஒரு பழைய கையேட்டில் அப்படியே இருக்கின்றன. பக்கம் முழுக்கச் சிவப்பு. சே, என்ன காரியம் செய்திருக்கிறேன்!

மார்ச் 11, செவ்வாய்

கையேட்டை மூடி வைத்துவிட்டு, வகுப்பில் நான் என்னதான் செய்கிறேன் என்று என்னையே கவனித்தேன். அந்த ஐந்து படிகளில் மூன்றை நான் சொல்லித்தருவதே இல்லை! சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் சத்தமாகச் சிரிக்கச் சொல்கிறேன். சிரித்தால் அடக்கின மூச்சு வெளியே வந்துவிடும். அதையே எழுதினேன். மீதி இரண்டு படிகளுக்குக் கையேட்டின் பெயரைப் போட்டேன். பல்வலிக்காரர்கூட இன்று வந்து உதைத்தார். எழுத எழுத அப்படியொரு குஷி.

மார்ச் 13, வியாழன்

மஞ்சள் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதே பத்தி.

மார்ச் 15, சனி

நோட்டில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில்: "மூக்குக் கிளிப் மறுபடியும் காணோம். இது நாலாவது."

அட கடவுளே! மாதம் ஒரு மூக்குக் கிளிப்பைத் தொலைக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் — என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. மூன்று வருடமாக வகுப்புக்கு வருகிறாள். ஆழமான பக்கத்துக்கு முன்னால் கட்டிய கயிற்றை ஒருநாளும் தாண்டியதில்லை.

ஓட்டமும் நடையுமாக அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

"ஆமா அண்ணி, நான்தான் சொன்னேன். முதல் தடவை மிதந்த அன்னிக்கு. நீங்க 'சரி சரி, காலை நீட்டு'ன்னு கத்துனீங்க."

கத்தியிருப்பேன். "இதை உன் பேரோட போட்டுக்கட்டுமா?" வேண்டாம் என்றால் பின்னட்டை போச்சு. முதல் அத்தியாயத்துக்கு முடிவும் போச்சு.

"என் பேரா? அட்டையிலயா?" கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "போடுங்க. ஆனா 'இறுக'ன்னு நான் சொல்லல அண்ணி. 'அழுத்தி'ன்னு சொன்னேன்."

பெரிய எழுத்தாளர் வந்துவிட்டாள்! திருத்தினேன். பிறகு அவள் பெயரை எழுதி, அதன்கீழ் சிவப்புக் கோடு போட்டேன். எவ்வளவு சந்தோஷமான சிவப்பு.

ஆகஸ்ட் 2, சனி

புத்தகம் வந்துவிட்டது! பின்னட்டையில் அவள் பெயர் என் பெயரைவிடப் பெரிதா என்று வீட்டுக்காரர் ஸ்கேல் வைத்து அளக்கிறார்.

காலையில் அவள் புத்தகத்தைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினாள். கயிறு வரை வந்து நின்றாள். "அட்டையில அவ்வளவு பேசிட்டு இங்கயே நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் கத்தவில்லை. எனக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது.

நோட்டில் இன்று எழுதியது, பென்சிலில்: "'அண்ணி, கீழ தரை இல்லைங்கிறதையே மறந்துட்டேன்.' சொன்னது நாத்தனார். ஆழமான பக்கம், காலை 7.40."