மைதானத்துக்குப் போன முடிச்சு

எங்கே இருந்தாலும் அங்கேயும் யாருக்காவது சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் என் தாமோதரம் அண்ணனுக்கு,

உங்கள் மகள் வசந்தி போன வாரம் போன் செய்தாள். நீங்கள் போய்விட்டதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அச்சடிப்பது உங்கள் ஊர் வழக்கமாம். அதில் உங்கள் மஸ்கட் காலத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம். சரியென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு சந்தேகமும் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து என் நம்பர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது? நீங்கள் ஏதாவது சொல்லி வைத்துவிட்டுப் போனீர்களா?

போனை வைக்கும் முன் அவள் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "மாமா, அப்பா செய்வினை செய்து பிடிபட்டவர், அதாலைதான் மஸ்கட்டிலை இருந்து கலைச்சு விட்டவை எண்டு ஊரிலை இப்பவும் கதைக்கினம். அது மெய்யோ?" லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணே, என் புத்தி உங்களுக்குத் தெரியும். கமுதிப் பக்கத்திலிருந்து வந்த நாளிலிருந்து எவன் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைக்கிறவன் நான். மஸ்கட் ரூவியில், அர்பாப் என்று நாம் கூப்பிட்ட முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரூமில் நீங்கள் சமையல்காரர், நான் டிரைவர். என் டிரங்குப் பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தேன். உங்கள் பெட்டி எப்போதும் திறந்தே கிடந்தது. அதையும் சந்தேகப்பட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லாத மனுஷன் உலகத்தில் உண்டா?

எண்பத்து நான்கில் வளைகுடா நாடுகளின் கால்பந்துப் போட்டி மஸ்கட்டில் நடந்தது. குவைத்திலிருந்தும் கத்தாரிலிருந்தும் அணிகள் வந்து இறங்கின. ஊரே கொடியும் ஹாரனுமாக இருந்தது. அர்பாப்பின் இரண்டாவது மகன் காலித் ஓமான் அணியில் மாற்று கோல்கீப்பர். வீட்டில் அவன் ஒருவன்தான் காரில் பின் சீட்டில் உட்காராமல் என் பக்கத்தில் உட்காருவான். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவான். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவன் பெயர் பேப்பரில் வந்ததும் எல்லார் கண்ணும் அவன்மேல் விழுந்தது. வாசலில் நின்ற பலூச்சி வாட்ச்மேன் அவன் உயரத்தைப் புகழ்ந்தான். பக்கத்து வீட்டார் அவன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இத்தனை கண் பட்டால் பிள்ளை என்னத்துக்கு ஆவான் என்று நினைத்தேன். அதனால் மேட்சுக்குக் கிளம்புகிற அன்று மதியம், அவன் மணலில் நடந்துபோன காலடி மண்ணைக் கொஞ்சம் எடுத்தேன். உங்கள் அடுப்படியிலிருந்து உப்பு, மிளகாய், கடுகு எடுத்தேன். எல்லாவற்றையும் கறுப்புத் துணியில் முடிந்து, காரில் இருந்த அவன் விளையாட்டுப் பையை மூன்று சுற்று சுற்றினேன். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கண்ணேறு கழிக்க என் அம்மா செய்வதைத்தான் நானும் செய்தேன்.

அதை நெருப்பில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் காலித் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டு ஓடி வந்தான். கையில் முடிச்சோடு நின்ற நான் பயத்தில் அதைப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் திணித்துவிட்டேன். மைதானத்தில் இறங்கினதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்டில் நிறுத்தியதும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முதல் கோல்கீப்பருக்குத் தோளில் அடிபட, காலித்தை இறக்கினார்கள். நான் காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். அரபி முழுசாகப் புரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தின் சத்தம் புரிந்தது. கைக்குள் வந்த பந்து வழுக்கிக்கொண்டு கோலுக்குள் போனது. மேட்சில் ஓமான் தோற்றது. வீட்டுக்குத் திரும்பும்போது அவன் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை துணி துவைக்கப் பையைத் திறந்த அவன் அம்மா முடிச்சைப் பார்த்தார். மகனின் பைக்குள் மண்ணும் மிளகாயும் கறுப்புத் துணியில் கட்டியிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் பதறாது? சூனியம் என்று வீடே நடுங்கியது. சமையலறைக்குள் யாரும் வரவில்லை. நீங்கள் வைத்த சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்தான், நான் உங்களைப் பார்த்தேன்.

அர்பாப் முதலில் உங்களைத்தான் மஜ்லிஸ் என்கிற வரவேற்புக் கூடத்துக்குக் கூப்பிட்டார். முற்றத்தில் கார் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் வெகுநேரம் அரபியில் ஏதோ சொன்னீர்கள். கையைத் தூக்கி நான் நின்ற பக்கமாக நீட்டினீர்கள். முடிந்தது, என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போது வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார். இது என்னவென்று தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டார். முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. அங்கேயே நின்ற உங்களைப் பார்க்காமல் சொன்னேன்: "மிர்ச்சி, ராயி... யே கிச்சன் கா சாமான் ஹை, அர்பாப்." மிளகாயும் கடுகும் அடுப்படிச் சாமான் என்று சொன்னேன். பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் பிறகு சொன்னதும் இல்லை.

அர்பாப் கெட்டவர் இல்லை. போலீசுக்குப் போகவில்லை. அலமாரியில் பூட்டி வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்து உங்கள் கையில் கொடுத்து, "கலாஸ்" என்றார், எல்லாம் முடிந்தது என்று. அதற்கு முந்தைய ஆடியில் கொழும்பில் தமிழர்களுக்கு நடந்தது எனக்கும் தெரியும். அந்தக் கொழும்பில் இறங்கித்தான் நீங்கள் பருத்தித்துறைக்குப் போக வேண்டும். வசந்திக்காகக் கட்டிய வீடு அப்போது ஜன்னல் மட்டத்தில் நின்றது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். வழியெல்லாம் நீங்கள் எப்போது கேட்பீர்கள் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஒன்றுதான் சொன்னீர்கள். "தம்பி, அடுப்படியிலை மீன்குழம்பு மூடி வைச்சிருக்கிறன். சூடாக்கிச் சாப்பிடும்." ரூமுக்கு வந்து சட்டியைத் திறந்தேன். நல்ல வாசம். இதில் எதையாவது கலந்து வைத்திருப்பாரோ என்று தோன்றியது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன், அண்ணே.

நாலு வருடம் கழித்து ஒருநாள் காலித் காரில் பேச்சு வாக்கில் சொன்னான். கால்பந்தை விட்டுவிட்டு அப்போது அப்பாவின் கம்பெனியில் உட்கார்ந்திருந்தான். அன்று மஜ்லிஸில் நீங்கள் யாரையும் காட்டவில்லையாம். இது கெடுதலுக்குக் கட்டியது இல்லை, பிள்ளைக்குக் கண் படாமல் இருக்க இப்படிச் சுற்றுவார்கள் என்று கையைச் சுற்றிக் காட்டினீர்களாம். அந்தக் கையைத்தான் நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். யார் கட்டியது என்று அர்பாப் மூன்று தரம் கேட்டாராம். அன்பாகக் கட்டினவனை நான் காட்டித்தர மாட்டேன் என்று சொன்னீர்களாம். இவ்வளவு தெரிந்த நீதான் கட்டியிருப்பாய் என்று அவர் சொன்னபோது நீங்கள் பதில் பேசவில்லையாம்.

காலித் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். விசா போய்விடுமே என்று பயந்தேன். உங்களுக்காவது எழுதியிருக்கலாம். ஊரிலிருந்து நீங்கள் மூன்று கடிதம் போட்டிருந்தீர்கள். மூன்றிலும் காலித் திரும்ப விளையாடுகிறானா, என் வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருந்தீர்கள். அந்த நல்ல வார்த்தைகளுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, ஒருநாள் வந்து கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. ஏன் அண்ணே கேட்கவில்லை? ஊர்க்காரன் வாய்க்கு முன்னால் வாழ்நாள் முழுக்க எப்படி இருந்தீர்கள்? பெற்ற மகளிடம்கூட ஏன் சொல்லவில்லை?

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். என் பையன் துபாயில் ஆபீஸ் வேலை பார்க்கிறான். வளைகுடாப் போட்டி இன்னும் நடக்கிறது என்று போனில் காட்டுகிறான். கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க எழும்பும்போது நான் திரும்பிக்கொள்வேன். அப்பாவுக்கு ஃபுட்பால் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தோராம் நாள் என்றைக்கு என்று கேட்டான். பிறகு கொழும்புக்கு டிக்கெட் நான் போடுகிறேன் என்றான்.

இந்தக் கடிதத்தை வசந்திக்கு அனுப்புகிறேன். கல்வெட்டில் போடச் சொல்லியிருக்கிறேன், ஒரு வரியும் வெட்டாமல். அவள் கோபத்தில் போடாமல் விட்டாலும் நியாயம்தான். புத்தகத்தில் வந்தாலும் வராவிட்டாலும் முப்பத்தோராம் நாள் நான் உங்கள் வீட்டு முற்றத்தில் இருப்பேன். உங்கள் படத்துக்கு முன்னால், வந்திருக்கிற சனம் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி, கட்டினவன் பெயரைச் சொல்லுவேன். நீங்கள் சொல்லாமல் விட்ட பெயரைக் கீழே எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி,
கருப்பையா