கோப்பாய்க் காணிக்கு ஒரு சம்மதம்

குண்டசாலை
12.01.2024

அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

சுகமா? கடிதத்திலும் உங்களை இஞ்சேருங்கோ என்றுதான் கூப்பிட வருகிறது. போனில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே சண்டை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். முதலில் என்னைத்தான் கேட்டார். அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த கோப்பாய்க் காணியை விற்றால் வாங்கிவிடலாம்.

ஆனால் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கையை விரித்துவிட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்களுக்குத் தேசவழமைச் சட்டமாம். மனைவியின் காணியென்றாலும் கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டுமாம். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ. பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம்.

வதனா

கொக்குவில்
25.01.2024

அன்பின் வதனாவுக்கு,

கடிதம் முழுக்கக் காணி. எனக்கு ஒரு மாத்திரை. சரி, அதாவது கிடைத்ததே.

நாட்டில் யுத்தம் முடிந்து, அப்பாவின் வீட்டைத் திருத்த நான் கண்டிப் பக்கமிருந்து இங்கே வந்தபோது, ஓய்வு பெற்றதும் நீரும் வருவீர் என்றுதான் பேச்சு. நீர் ஓய்வு பெற்றும் இரண்டு வருஷமாகிறது. கோப்பாயில் கிணற்றை இறைப்பித்து வைத்திருக்கிறேன். அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டலாமென்று ஆசை. அந்தக் காணியும் போய்விட்டால் நீர் இந்தப் பக்கம் வர என்ன இருக்கிறது? கையெழுத்தைக் கேட்காதையும்.

உம்முடைய
விவேகானந்தன்

குண்டசாலை
09.02.2024

அன்புள்ள உங்களுக்கு,

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நீங்கள் இருக்கிறீர்கள். அது போதாதென்று காணியையும் பிடித்து வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம்.

பக்கத்து வீட்டு மெனிக்கே தெல்தெனியாவில் இருந்த தன் வயலை யாரையும் கேட்காமல் விற்றாள். அவள் கண்டிச் சிங்களப் பெண், அவளுக்குக் கண்டியச் சட்டம். முன்வீட்டு றம்லத் சிரிக்கிறாள். "எங்கட நிக்காஹ்ல வாப்பாதான் கையொப்பம் வெச்சார், என்னெக் கேக்கல்ல. ஆனா என்ட காணிய விக்க நான் ஒத்தரையும் கேக்கத் தேவல்ல" என்கிறாள். ஒருத்திக்கு மதம், ஒருத்திக்கு மலைநாடு, எனக்குப் பிறந்த ஊர். இந்தத் தேசவழமையை ஒல்லாந்தன் எழுதிவைத்து, வெள்ளைக்காரன் சட்டமாக்கிவிட்டுக் கப்பலேறினான். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த நான் இன்னும் அவர்களுக்குக் கைகட்டி நிற்கிறேன்.

கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று மனுப் போட்டால் நீதிமன்றமே அனுமதி தருமாம். நொத்தாரிசுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நீங்கள் என்னைக் கைவிடவில்லை, நானும் உங்களை விடவில்லை. ஆளுக்கொரு ஊரில் பிடிவாதமாக இருக்கிறோம், அவ்வளவுதான். என் சிநேகிதமெல்லாம் இங்கே. நான் அங்கே வரமாட்டேன். இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

வதனா

கொக்குவில்
02.03.2024

அன்பின் வதனாவுக்கு,

சம்மதப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. இரண்டு கிழமை உம்மோடு மனதுக்குள் சண்டை பிடித்துவிட்டுத்தான் போட்டேன்.

இனி எப்போதும் என் மனைவி என்னைக் கேட்கத் தேவையில்லை என்று ஒரேயடியாக எழுதலாமா என்று இங்குள்ள நொத்தாரிசைக் கேட்டேன். சிரித்தார். நீர் வாங்கப்போகும் வீட்டை விற்கவும் நாளைக்கு என் கையெழுத்துத் தேவைப்படலாமாம். உம்முடைய உழைப்புக்கு நான் காவல்காரனா? எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு நான் வர உம்முடைய சம்மதம் வேண்டுமா என்றும் கேட்டேன். கணவன்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நான் கேட்கிறேன். வருஷப்பிறப்புக்கு ஒருக்கால் வந்து போகலாமா? எழுத்தில் தாரும். விருப்பமில்லாவிட்டால் பதில் வேண்டாம், விளங்கிக்கொள்வேன்.

உம்முடைய
விவேகானந்தன்

குண்டசாலை
13.03.2024

அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

பத்திரம் கிடைத்தது. வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதேன். றம்லத் பயந்துபோய் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

நீங்கள் கேட்டதற்கு எழுத்திலேயே பதில். வந்து போவதற்கு என் சம்மதம் இல்லை. வந்து இருப்பதற்கென்றால் உண்டு.

வதனா