ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துவைத்தவளுக்கு

தின்னர் போட்டுத் தேய்த்தும் விரலில் ஒட்டிய கறுப்புப் பெயின்ட் போகவில்லை. சோறு பிசையும்போது அந்த வாசனைதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. பெட்டிகளின் மேல் துறைமுகத்தின் பெயரை ஸ்டென்சில் வைத்து அடிக்கிற பெயின்ட், உனக்குத் தெரியாததா. இன்று ஆயுத பூஜை. இன்றைக்குக்கூட மத்தியானம் வரை பெட்டி அடித்தோம் என்றால் நிலைமை என்னவென்று நீயே புரிந்துகொள்வாய்.

மறுபடியும் அதே கதைதான். அன்று கைவிட்டுப் போன வர்த்தக ஒப்பந்தம் திரும்பி வந்ததை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். இப்போது அதைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று பேச்சு. அது இருக்கிறவரை நாம் செய்கிற குழாய் வால்வுக்கு, அதை வாங்குகிற நாட்டில் சுங்க வரி கிடையாது. அது போனால் வரி ஏறும், நம் சரக்கின் விலை கூடும், வாங்குகிறவர் வேறு நாட்டுக்காரரிடம் போய்விடுவார். அதனால் கெடு முடிவதற்குள் முடிந்ததையெல்லாம் அனுப்பிவிடுங்கள் என்று மெயில் மேல் மெயில் வருகிறது. போர்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். புதிதாகச் சேர்ந்த பெண்களின் முகத்தை நீ பார்க்கவேண்டுமே, பட்டறை முழுக்கக் கல்யாணக் களை. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

ஹைதராபாத் பாலாநகரில் அந்தத் தகரக் கூரைக்கு அடியில், இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில், நாம் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்புதான் வருகிறது. நான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள், நீ திருமுல்கேரிக்காரி. என் அப்பா ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், உன் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். என் வாயில் வீட்டுத் திருநெல்வேலி, உன் வாயில் வீட்டு வேலூர். "ஏட்டி" என்று நான் கூப்பிட்டால் நீ வேண்டுமென்றே திரும்பமாட்டாய். "நான் இன்னா ஆட்டுக்குட்டியா, ஏட்டி கீட்டின்னு கூப்புட்ற?" என்பாய். நடுநடுவே தெலுங்கும் ஊர் உருதுவின் நக்கோவும் கலந்து நாம் பேசியதைக் கேட்டுவிட்டு, சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டார். "இந்த ஊர்த் தமிழ்தான் சார், பஸ் நம்பர் சொன்னா போதுமா?" என்று கேட்டுவிட்டு நீ அடுத்த வால்வை எடுத்து மரையைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாய்.

அந்த முதல் தடவை நோட்டீஸ் ஒட்டிய அன்று எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்படாமல் என்ன செய்வேன்? என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதுவும் நின்றால் சங்கரன்கோவிலில் மாமனார் வீட்டோடு போய் இருப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். என் மகள் இன்டர் முதல் வருடம், சங்கரன்கோவில் கணக்கில் பிளஸ் ஒன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற பெண். எனக்கே அந்த ஊரில் கல்யாண வீடும் துக்க வீடும் தவிர ஒன்றும் தெரியாது. ஹைதராபாத்தை விட்டுப் போனால் நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று உன்னிடம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதிருக்கிறேன்.

நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது டப்பாவை மூடி வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாய். தெலுங்கில்தான் சொன்னாய், அதையே எனக்குத் தமிழில் இன்னொரு தரம் சொன்னாய். "விலை ஏறப் போவுதுன்னு தெரிஞ்சா எங்கம்மா மிலிட்டரி கேன்டீன்ல ஒரு வருசத்துக்கு சோப்பு வாங்கி அடுக்கிடுவாங்க. அப்பால அந்தக் கேன்டீன் பக்கமே தலை வெச்சுப் படுக்கமாட்டாங்க. நம்ம சரக்க வாங்கறவனும் அதத்தான் பண்றான். அடுத்த வருசம் வாங்கறதையும் இப்பவே வாங்கி அடுக்கிக்கறான். அத்த செஞ்சு குடுத்துட்டு அப்பால நாம இன்னா பண்றது?"

நம் அடுத்த வருட வேலையை நாமே அவசர அவசரமாகச் செய்து முடித்துக்கொண்டிருந்தோம், அதற்கு இரட்டைக் கூலி கிடைக்கிறது என்று குதித்துக்கொண்டும் இருந்தோம். அதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்களும் வாயைத் திறக்கவில்லை, பண்டிகை நேரத்தில் யாருக்கு மனசு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பணம் வேண்டாம் என்றாயே, அங்கேதான் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஒரு ஞாயிறுக்கு இரண்டு நாள் என்று முதலாளி நம் பெயரில் சேர்த்துவைக்கட்டும், ஆர்டர் இல்லாத காலத்தில் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும், அதுவரை ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. இதுதான் நீ சொன்னது. பேக்கிங்கில் இருந்த பத்மா பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "உனக்கென்னம்மா, சொந்த வீடு, அப்பனுக்கு பென்ஷன். நான் வீட்டு மேல ரூம் கட்டறேன், சிமென்ட்காரன் ஞாயித்துக்கிழமைய வாங்கிக்குவானா?" என்று தெலுங்கில் கத்தினாள். அப்புறம் கொஞ்ச நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. நான் வந்தேன். துணிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதே, உன் அம்மா வைக்கிற காரக்குழம்பை விட்டுக்கொடுக்க மனசில்லை.

நீ விடவில்லை. ஒவ்வொருத்தியாகப் பிடித்துப் பேசினாய். தினசரி ஓவர்டைம் பணமாகவே வரட்டும், ஞாயிறு மட்டும் சேர்ந்திருக்கட்டும் என்று இறங்கி வந்தாய். பத்மா வீட்டுக்கே போய் அவள் கட்டுகிற அறையைப் பார்த்து, ஜன்னல் சின்னதாக இருக்கிறது என்று குறை வேறு சொல்லிவிட்டு வந்தாய். அதற்கப்புறம்தான் அவள் உன்னோடு சண்டை போடுவதையே நிறுத்தினாள். கடைசியில் எல்லோரும் சரி என்றார்கள். முதலாளிக்கும் அந்த நேரத்தில் கையிலிருந்து பணம் போகாதது வசதி. ஆனால் ஒருவரையும் நிறுத்தமாட்டேன் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்றே ஒரு மாதம் ஓட்டினார்.

அந்த வருட ஆயுத பூஜையை என்னால் மறக்கமுடியுமா? லேத்துகளுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காயைத் தயாராக வைத்திருந்தோம். முதலாளி வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆரத்தித் தட்டு உன் கையில். கற்பூரம் எரிகிறது. அவர் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார், நீ தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாய். "முதல்ல அதைச் சொல்லிடுங்க சார்" என்றாய். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அவர் மெஷின்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மெஷினை விட்டால் அவருக்கு வேறு சாமி இல்லை என்பது உனக்குத் தெரியும். கற்பூரம் அணைகிற நேரத்தில் சொன்னார்: "இங்கே நிற்கிற ஒருத்தரையும் நிறுத்தமாட்டேன். உங்க ஞாயிறுகளுக்குச் சம்பளம் உண்டு." அப்புறம் வேறு கற்பூரம் ஏற்ற வேண்டியிருந்தது. அதை ஏற்ற நீ மூன்று தீக்குச்சி கிழித்ததைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஒப்பந்தம் போனது. நீ சொன்னபடியே ஆர்டர் சுத்தமாக நின்றது. பக்கத்து ஷெட்டில் பாதிப் பேரை ஒரே காலையில் அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே டிபன் பையோடு நின்ற அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் நாம் உள்ளே போனோம், தலையைக் குனிந்துகொண்டு. நம்மை முறை வைத்து வீட்டில் இருக்கச் சொன்னார்கள், சம்பளம் வந்தது. சேர்த்துவைத்த ஞாயிறுகள் கரைந்துகொண்டே வர, முதலாளி அலையாத இடம் இல்லை. கடைசியில் உள்ளூர் பம்ப் கம்பெனிக்கு வால்வு போட ஆர்டர் பிடித்தார். லாபம் குறைச்சல்தான், ஆனால் லேத்து ஓடியது. என் மகள் இங்கேயே இன்டர் முடித்தாள், இங்கேயே வேலைக்கும் போகிறாள். சங்கரன்கோவிலுக்கு நாங்கள் இன்னமும் கல்யாணத்துக்குத்தான் போய்வருகிறோம். இந்த ஊரில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் உனக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றும். நீ இருந்தபோது சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாய்.

பாலிஷ் ஷெட் ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டார்கள். பீகாரிலிருந்து வந்தவர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள். நாம் சோதித்து அனுப்புகிற ஒவ்வொரு வால்வும் அவர்கள் கையில்தான் பளபளப்பாகும். முகமெல்லாம் கரிப்பொடியோடு நம்மைப் போலவே எல்லா ஞாயிறும் வந்தவர்கள். ஆனால் பூஜை அன்று அவர்கள் எப்போதும் பின்னால் தங்கள் ஷெட்டிலேயே கான்ட்ராக்டரோடு தனியாகப் பூஜை போட்டுக்கொள்வார்கள். அது வழக்கம், யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நீ முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டாய். "அங்கே நின்றவங்களுக்குத்தானே வாக்குக் கொடுத்தேன், அவங்க அங்கே நிற்கலையே" என்றுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நீ பெஞ்சுக்குத் திரும்பி வந்து மரை சோதிக்கிற கேஜைக் கையில் எடுத்தாய். "தட்டப் புடிச்சுக்கினு நின்னேனே, பின்னாடி போயி அவங்கள ஒரு கொரல் கூப்புட்றதுக்கு இன்னாடி எனக்கு?" என்றாய். எனக்கும்தான் தோன்றவில்லை, எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று நீ ரொட்டி சுட்டு எடுத்துவந்தாய். அவர்களில் ஒருவர் உன்னை அக்கா முறை வைத்துத் தீதீ என்று கூப்பிட்டு, எங்கள் ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்றார். நீ இன்னும் இரண்டு ரொட்டியை எடுத்து அவர் மூட்டையில் வைத்தாய்.

ஒப்பந்தம் திரும்பி வந்து, பாலிஷ் ஷெட்டுக்கு வேறு ஆட்கள் வந்து, எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகும் உனக்கு அது ஆறவில்லை. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, வாய் மட்டும் அப்படியே இருந்தது. நான் கொண்டுவந்த கஞ்சியில் உப்பில்லை என்று திருநெல்வேலியையே திட்டினாய். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "பாலிஷ் ஷெட்ல இப்ப யாரு கீறாங்க?" என்று கேட்டாய். இரண்டு மூன்று பெயர் சொன்னேன். மற்றவர்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை. "போயி கேட்டுக்க" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

கேட்டுக்கொண்டேன். எல்லோர் பெயரும் இப்போது தெரியும்.

இந்தத் தடவை சாப்பாட்டு நேரத்தில் எழுந்து பேசியது நான். உன் சோப்புக் கதையையே சொன்னேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். புதுப் பெண்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சமாளித்தது யார் தெரியுமா, பத்மா. மேலே கட்டிய அறையை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறவள் அவள். "இந்த மாதிரி ஒருத்தி சொன்னப்ப நான் ஆடாத ஆட்டம் ஆடினேன், நீங்க ஆடாதீங்க" என்றாள்.

இன்று பூஜைக்கு முன்னால் நான் பின்பக்கம் பாலிஷ் ஷெட்டுக்குப் போனேன். கான்ட்ராக்டரிடம், இந்த வருடம் எல்லோருக்கும் ஒரே பூஜை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ஆட்கள் வரத் தயங்கினார்கள், முகம் கழுவிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். அப்படியே வாருங்கள் என்று கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தினேன். முதலாளிக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களைப் பார்த்தார், என் கையில் தட்டைப் பார்த்தார், என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அவங்க கான்ட்ராக்ட்மா" என்று மெதுவாகச் சொன்னார். "இங்கேதான் நிற்கிறாங்க சார்" என்றேன். தட்டைப் பின்னால் இழுக்கக்கூட இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அன்று சொன்னதையே சொன்னார். இங்கே நிற்கிற ஒருத்தரையும் நிறுத்தமாட்டேன்.

வாக்குக் கொடுத்ததால் ஆர்டர் வந்துவிடாது. ஒப்பந்தம் போனால் என்ன ஆகும், அந்தப் பம்ப் கம்பெனி இந்தத் தடவையும் கைகொடுக்குமா, ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் எழுந்து நின்று ஒன்றைக் கேட்கிற தைரியம் எனக்குப் பிறவியில் கிடையாது, அது நீ கொடுத்தது. அதை வைத்துக்கொண்டுதான் இன்று நின்றேன்.

சுண்டலும் பொரியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாலிஷ் ஷெட்டிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். முதலாளி தெலுங்கில் சொன்னது அவருக்குச் சரியாகப் புரியவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. நம்பமுடியாமல் ஹிந்தியில் கேட்டார், "தீதீ, அது எங்களுக்கும் சேர்த்துத்தானா?"

"ஹவ்" என்று நம் ஊர் உருதுவில் ஆமாம் சொன்னேன். "உங்களுக்கும்தான் அண்ணா."