நெஞ்சு கனக்கிறது என்று எழுதியிருந்தாய்

பிப்ரவரி 3

மெக்கானிக் அவர்களுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் எடுத்த எடுப்பிலேயே சண்டை வருகிறது, இனிமேல் அப்பாவும் அம்மாவும் கடிதம்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நம் மகள் போட்ட சட்டப்படி இதை எழுதுகிறேன். கடிதத்திலும் சண்டை போடலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? தினமும் நடக்கிறீர்களா? கேட்டால் கோபம் வரும். வரட்டும். மாரடைப்பு வந்து பிழைத்து வந்த மனிதரின் தட்டைப் பெண்டாட்டி எட்டிப் பார்க்கக் கூடாதாம். அதற்காக முறுக்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். அங்கே உங்கள் தம்பி மனைவி உப்பைக் குறைத்துப் போடுகிறாளா, இல்லை பெரியவர் முகம் வாடக் கூடாது என்று அள்ளிக் கொட்டுகிறாளா? எழுதவும்.

என் பிழைப்பு அதே சலவைக் கடையில், அதே தையல் மெஷினில் ஓடுகிறது. கால்சட்டைக்கு நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பொழுது போகிறது. வீட்டில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவரின் மனைவி படி ஏறுகிறாளே என்று கீழ் வீட்டு அம்மாளுக்கு ஒரே சிரிப்பு. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வர முடிகிறது.

சில நாளாகவே நெஞ்சு கனக்கிறது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. கையில் எடுத்த வேலை ஓடவில்லை. வயதாகிறது, வேறென்ன.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரிலேயே,
ஊசி


பிப்ரவரி 9

என் ஊசிக்கு,

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது. தம்பி மனைவி, "என்ன மாமா, தலையெல்லாம் வாரியிருக்கீங்க?" என்று கேட்டாள். தலையைத்தானே வாரினேன், அதற்கு ஒரு விசாரணையா?

முதலில் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். உப்பு குறைந்துவிட்டது. சாப்பாட்டில் ருசியும் கூடவே போய்விட்டது. சிகரெட்டைத் தொடுவதில்லை. பொரித்தது கிடையாது. காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் கூட நடக்கிறார். நான் வேகத்தைக் குறைத்தால், "சார், இது ஊர்வலம் இல்ல" என்பார். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் முதுகில் தட்டினார். நீ மிரட்டியபோது செய்யாததை எல்லாம் இங்கே யாரும் மிரட்டாமலே செய்கிறேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சு கனக்கிறது என்று எழுதியிருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை. ஊசி, இதையெல்லாம் நான் பாட்டில்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன்.

லிஃப்ட் நின்றதைப் பற்றி எழுதியதும் புரிந்தது. நேராக ஒன்றைக் கேட்கிற பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது? நிற்கும்போது உதறுகிறதா, சத்தம் ஏதாவது போடுகிறதா? எழுது. பை தயாராகத்தான் இருக்கிறது. வரட்டுமா?

உன்,
மெக்கானிக்


பிப்ரவரி 15

மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என் ஊசி" எங்கிருந்து வந்தது? எதற்கு வெட்கம்? எதற்கு எதையோ கண்டுபிடித்தவர் போலச் சிரிப்பு? யாருக்கோ எழுதியதை உறை மாற்றிப் போட்டுவிட்டீர்களோ என்று முகவரியைக்கூடப் பார்த்தேன்.

லிஃப்டைப் பார்க்க நீங்கள் வர வேண்டாம். கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நின்றுபோன லிஃப்டைப் பற்றி எழுதினால் லிஃப்ட் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

எனக்கு உடம்பு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிக் குடைந்து பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தாம்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். வயிற்றைப் புரட்டுகிறது என்று மருந்துக்கடையில் கேட்டேன். வாயு என்று ஏதோ பாட்டிலில் கொடுத்தார்கள், குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. முதுகும் இடது தோளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சலவைக் கடைக்காரர், "குனிஞ்சு குனிஞ்சு தைச்சா அப்படித்தாம்மா" என்று உயரமான நாற்காலி ஒன்று போட்டுக் கொடுத்தார். நேற்று ஒரு கோட்டில் பொத்தான் தைத்துவிட்டு, ஏதோ மூட்டை தூக்கியவள் போலக் களைத்து உட்கார்ந்துவிட்டேன். பொத்தான் தைத்ததற்கா இந்தக் களைப்பு என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இதயம்தானோ என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லை. உங்களுக்கு வந்தபோது நான்தானே பக்கத்தில் இருந்தேன்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தீர்கள், சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தது, முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. மாரடைப்பைக் கண்ணால் பார்த்தவளுக்குத் தெரியாதா? அதுவும் நம் வீட்டில் இதய நோயாளி நீங்கள்தான். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

அடுத்த கடிதத்தையாவது புரிகிற மாதிரி எழுதவும்.

ஊசி


பிப்ரவரி 20

என் பிடிவாதக்கார ஊசிக்கு,

"என்" என்பதை எடுக்க மாட்டேன்.

எழுதியதற்குப் பிறகு உனக்கு வெட்கம் வந்துவிட்டது, அதனால் பின்வாங்குகிறாய். பரவாயில்லை. தாடை ஏன் வலிக்கிறது என்று நான் சொல்கிறேன். இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக இருக்கிறாய் அல்லவா? பல் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? தோளைப் பற்றியும் சொல்வேன். வேண்டாம், திட்டுவாய்.

எனக்கும் இங்கே எதிலும் மனம் ஒட்டவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ தட்டை எட்டிப் பார்த்தபோது எரிச்சலாக வந்தது. இப்போது யாரும் பார்க்காத தட்டில் சாப்பிடுவதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் என்ன ஜென்மமோ தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். வர வேண்டாம் என்று எழுதியது வர வேண்டாம் என்றா, வா என்றா? உன்னிடம் எனக்கு எப்போதும் குழப்பம் இதுதான். நாளைக்கு நடக்கப் போகும்போது நர்ஸ் அம்மாவிடம் உன் இரண்டு கடிதத்தையும் காட்டப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஒரு பெண் எழுதியது இன்னொரு பெண்ணுக்குத்தான் புரியும். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும் ஆசை.

உன்,
மெக்கானிக்


பிப்ரவரி 21

(போனில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. எழுதியவர்: சலவைக் கடைக்காரர்)

ஊசி, நீ எனக்கு எழுதியது ஏக்கம் இல்லையாம். மாரடைப்பாம்.

நர்ஸ் அம்மா நடுப்பாதையில் நின்றுவிட்டார். "சார், இது உங்கள நினைச்சு வர்ற கனம் இல்ல. பொம்பளைங்களுக்கு நிறைய பேருக்கு இப்படித்தான் வரும். தாடையில வரும், முதுகுல வரும், வெறும் களைப்பா வரும். நீங்க என்ன சிரிச்சிட்டு நிக்கறீங்க?" என்று கத்தினார்.

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடைக்காரர் வாயால் சொன்னால், இதுவும் என் வேலைதான் என்று சிரிப்பாய். அதனால் எழுதித் தரச் சொன்னேன். இது கடிதம்தான். சட்டம் மீறவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நீயாக நடந்து போகாதே. படியில் கால் வைக்காதே. கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. உன் கால்சட்டையும் கோட்டும் எக்கேடோ கெடட்டும். போ.

(அவர் அழறாரும்மா. ஆம்புலன்ஸுக்கு நானே சொல்லிட்டேன். எழுந்திரிக்காம அப்படியே உட்காருங்க.)


பிப்ரவரி 26
ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு

மெக்கானிக் அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டு வந்த சீட்டைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல்தான் கவலை வந்தது. இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இதயத்தில் கோளாறு என்று சொன்னார்களே, மண்டையிலும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். அவரிடம், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, போய் மெஷினுக்கு எண்ணெய் போடுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்தது. நாற்காலியோடு என்னைத் தூக்கி இரண்டு பேர் படியில் இறக்கினார்கள். கீழ் வீட்டு அம்மாள் சிரிக்கவில்லை.

இங்கே நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பாம். சிறிய கம்பிச் சுருள் வைத்துத் திறந்துவிட்டார்கள். உங்களுக்கு வைத்ததுதான், எனக்கும் இப்போது ஒன்று உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவே இல்லையே டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு வந்தது வேற மாதிரி என்று விடாமல் வாதாடினேன். அந்தப் பெண் டாக்டர் பொறுமையாக, "அவருக்கு வந்தது அவருக்கு. உங்களுக்கு வந்தது உங்களுக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நாம பேசிட்டிருக்க மாட்டோம்" என்றாள். இதயத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் பலவீனப்பட்டுவிட்டதாம். மாத்திரை, நடை, உப்பு இல்லாத சாப்பாடு. உங்களுக்குச் சொன்ன பாடத்தை எல்லாம் எனக்குச் சொல்கிறார்கள். கேட்கவே பிடிக்கவில்லை.

நீங்கள் இருபதாம் தேதி எழுதியதை நம் வீட்டிலிருந்து மகள் எடுத்து வந்து கொடுத்தாள். அதைப் படித்த பிறகுதான் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பதே எனக்கு உறைத்தது. நான் உடம்பைச் சொன்னேன். நீங்கள் மனசைப் படித்தீர்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்தால் மெஷின் சத்தம் போடுகிறது, நர்ஸ் ஓடி வருகிறாள்.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டதாக மகள் சொன்னாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் உள்ளே வரவில்லை? அதுவும் எனக்குப் புரியவில்லை.

ஊசி


பிப்ரவரி 28

ஊசிக்கு,

மகள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். வந்தது உண்மை. உன் முகம் தெரிந்தது, மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அது போதும் என்று திரும்பிவிட்டேன்.

போதும் என்பது பொய். சொல்கிறேன். நீ பிழைத்தாய் என்று டாக்டர் சொன்னதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே, அப்படியானால் அந்தக் கடிதத்தில் எனக்கென்று ஒன்றும் இல்லையா என்று ஒரு நினைப்பு. உயிர் தப்பிய பெண்டாட்டியைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டு ஒருவன் இப்படி நினைப்பானா? நினைத்தேன். அந்த முகத்தோடு உள்ளே வர முடியவில்லை.

நீ என்னைக் கூப்பிட்டாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூப்பிடாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? உன் நோயைச் சாக்கு வைத்து உள்ளே வந்தால், தேறியதும் நீ அனுப்பிவிடுவாய் என்று பயமாகவும் இருக்கிறது. குழப்பமாக இருக்கிறது, ஊசி. ஒளிக்காமல் சொல். அந்தக் கடிதங்களில் ஒரு வரியாவது என்னை நினைத்து எழுதினாயா?

மெக்கானிக்


மார்ச் 2

மெக்கானிக் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்: இல்லை. ஏங்கி ஒரு வரியும் எழுதவில்லை. உங்களைச் சந்தோஷப்படுத்த இந்த வயதில் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் படுத்த படுக்கையில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. பல் டாக்டரிடம் தாடையை மட்டும் சொன்னேன். மருந்துக்கடையில் வயிற்றை மட்டும் சொன்னேன். கடைக்காரரிடம் முதுகைச் சொன்னேன். மகளிடம் ஒன்றுமே சொல்லவில்லை, பயந்துவிடுவாள் என்று. அவரவர் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். படியில் உட்கார்ந்தது முதல் பொத்தான் தைத்துக் களைத்தது வரை அத்தனையையும் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் அதைத் தலைகீழாகப் படித்தார். ஆனாலும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்து, பெருமையடிக்க இன்னொருவரிடம் காட்டினார். அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் உங்களிடம் மட்டும் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் தீரவில்லை, அது நிச்சயம். கோபம் தீராத மனிதரிடம் போய் உடம்பு முழுவதையும் சொல்வதற்கு என்ன பெயர்? டாக்டரிடம் கேட்க முடியாது. உங்களுக்கு ஏதாவது பெயர் தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. இதை நீங்கள் எப்படிப் படித்தாலும் அர்த்தம் ஒன்றுதான்.

மாலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். உள்ளே வாருங்கள்.

ஊசி