பாசிக்கு ஏது வேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவும் நலம் என்றே எழுதிக் கை பழகிவிட்டது. அப்பா நலம், நான் கோபமாக இருக்கிறேன். நீ நலமாகவே இரு, அதில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

மாநாடு எப்படி என்று நீ போனில் கேட்டபோது பரவாயில்லை என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேள். பாசிகளில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் நான்கும் ஒரே வரிசையில் கூட்டுக்குடும்பமாக இருக்கும், விதைச்செடிகளில்தான் கடைக்குட்டி 5எஸ் தனிக்குடித்தனம் போயிருக்கும் என்பது நான் உனக்கு ஊட்டும்போதே சொன்ன கதை. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பின்சுவரில் குழாய் ஒழுகும் இடத்துப் பாசியில் கடைக்குட்டி தனியாகவும் இருக்கிறது, ஆகவே இந்தப் பிரிவினை நாம் நினைத்ததைவிடப் பழையது என்று மேடையேறிச் சொன்னேன். கைதட்டினார்கள். உன் பேராசிரியர் எழுந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்து, சரிபார்க்கச் சொல்லி நான் உனக்கு அனுப்பிய அதே பாசிக்கொத்தின் படத்தைத் திரையில் போட்டார். தண்டுகளுக்கு நடுவே முடி மாதிரி ஒரு வெள்ளை வேர். பாசிக்கு ஏது வேர்? ஏதோ விதைச்செடிக் களை உள்ளே விழுந்து முளைத்திருக்கிறது. தண்டு தண்டாகப் பொறுக்காமல் கொத்தோடு அரைத்து, களையின் மரபணுவைப் பாசியின் தலையில் கட்டியிருக்கிறேன். யாரோ சிரித்தார்கள்.

அதைக்கூட விழுங்கிவிட்டேன், தப்பு என்னுடையது. ஆனால் அந்த வேரைத் தூக்கிப் பிடித்திருந்த இடுக்கியின் பிடியில் சிவப்பு நூல். வழுக்குகிறது என்றாயே என்று நீ கிளம்பும்போது நான் சுற்றிக் கொடுத்த நூல். அப்படியானால் பொட்டலத்தைப் பிரித்து வேரைக் கண்டதும் நீதான். ஞாயிறு தவறாமல் பேசினாய், முழங்கால் வலி, மாடிக்கதவு எல்லாம் விசாரித்தாய், நான் அனுப்பிய பாசிப் பொட்டலத்தைப் பிரித்தாயா என்று கேட்டால் மட்டும் "நேரமே கிடைக்கலம்மா" என்றாய். துரோகம் என்பது பெரிய வார்த்தைதான், சின்னதாக ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டினால் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாளெல்லாம் கடையில் ஊரார் கண்ணாடியைத் துடைப்பவர் வீட்டில் தன்னுடையதைத் துடைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. பிடித்து உலுக்கியதும், "அவ எங்கிட்ட சொன்னா. நீ தாங்க மாட்டேன்னு நாங்கதான் பேசாம இருந்துட்டோம்" என்றார். நாங்களாம்! நான் தாங்கமாட்டேன் என்று அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் என்னை நிற்கவைத்தீர்கள். பேராசிரியரிடம் சொன்னது உன் வேலை, அதைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவோடு சமையல் விஷயம் தவிர வேறு பேச்சில்லை. அண்ணன் மகளுக்குப் பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறாள், இந்த வீட்டில் நேருக்கு நேர் கடிப்பவள் அவள் ஒருத்திதான். கட்டுரையை நானே திரும்பப் பெற்றுவிட்டேன். அதே சுவரில் புதிதாக எடுத்து, லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தண்டாகக் கழுவிப் பொறுக்கினேன். கடைக்குட்டி கூட்டுக்குடும்பத்தில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பட்டினி கிடக்காதே. நல்ல பேரும் நீண்ட ஆயுளுமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மறக்காதே, இந்த முறை பாசிப் பொட்டலம் உன் பெயருக்கு வராது, உன் பேராசிரியர் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பின்னிய ஸ்வெட்டரும் அதே பெட்டியில்தான். அம்மா எனக்கு அனுப்பியது என்று அவரிடம் உன் வாயால் சொல்லி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
எதையும் தாங்குகிற உன் அம்மா