டூமாஸ் வீதி புஃபே

மூலக்குளம்,
27-11-1983

அன்பு மகள் சுலோசனாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதமும் பேரன் போட்டோவும் ஒரே கவரில் கிடைத்தன. முன்பல் இரண்டும் விழுந்த வாயை இப்படித் திறந்து காட்டிச் சிரிக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மாப்பிள்ளை இராமதாசுக்கு நைட் ஷிப்ட் மாறிவிட்டதா? பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும். பிள்ளையின் காதைக் கட்டாமல் வெளியே அனுப்பாதே.

இங்கே மூன்று வாரமாக மழை. வில்லியனூர் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்திருக்கிறது. நம் புது வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம். என் முட்டி வலியும் பரவாயில்லை. தினமும் சைக்கிள் மிதிப்பதால் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தினமும் எங்கே மிதிக்கிறேன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் வீராயி அத்தை போன வாரம் வந்துவிட்டுப் போனாள். அவள் உனக்கு எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும்.

கிரகப்பிரவேசத்தின்போது, ஹால் வெறிச்சென்று இருக்கிறது, ஒரு இரும்பு பீரோ வாங்கிப் போடுங்கள் என்று சொன்னாய். நானும் சரி என்றேன். ஆனால் எனக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. மில்லில் சேர்ந்த புதிதில் டைரக்டர் பங்களாவுக்கு மின்விசிறி ரிப்பேர் பண்ண அனுப்பினார்கள். அங்கே சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய மர அலமாரி. தட்டு, கிளாஸ், கரண்டி எல்லாம் வைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் புஃபே என்பார்கள். நான் விசிறியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்று திட்டு வாங்கினேன். அப்போது நாம் இருந்த லைன் வீட்டில் அந்த அலமாரியை வைத்தால் நாம் வாசலில்தான் படுக்க வேண்டும். அதனால் உன் அம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

செப்டம்பரில் டூமாஸ் வீதியில் முசே ராஜாங்கம் வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனேன். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி மதாம் குஞ்சம்மாளும் ஒரேயடியாகப் பிரான்சுக்கு, மகனிடம் போகிறார்கள். வீட்டுச் சாமான் எல்லாம் விலைக்குக் கிடந்தது. அதில் ஒரு புஃபே. பர்மா தேக்கு. கீழே இரண்டு கதவு, கதவில் திராட்சைக் குலை செதுக்கியிருக்கிறது. மேலே கண்ணாடிக் கதவு வைத்த அடுக்கு. பழைய கண்ணாடி என்பதால் உள்ளே குமிழ் குமிழாக இருக்கும். பழஞ்சாமான் கடைக்காரர் ஒருவர் அதிக விலை கொடுக்க வந்தாராம். ஏதாவது ஒரு வீட்டில்தான் அது இருக்க வேண்டும் என்று மதாம் கொடுக்கவில்லை. நான் கேட்டதும், உனக்குத்தான் கலியபெருமாள், நாளைக் காலையில் வண்டி கொண்டு வா என்றார்.

காலையில் வண்டியோடு போனால் வாசலில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு அம்மா. பெயர் செல்வாம்பாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை வாசலில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். மதாம் எனக்கு வாக்குக் கொடுத்தது போல முசே அவருக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சண்டை என்பது மட்டும் விளங்கியது.

கடையில் இதை எதற்கு வைக்கப்போகிறாய் என்று முசே கேட்டார். ஈ மொய்க்காமல் வடை வைக்க என்றார் அந்த அம்மா. முசே முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தன் தாத்தா காலத்துப் புஃபேயில் வடையா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அசரவில்லை.

"நீங்க இத்தினி வருஷமா வெறுந்தட்டத்தான முசே வச்சிருந்தீங்க? நான் சாப்பாட்ட வக்கிறேன்."

மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அந்த அம்மாவும் வண்டியைத் திருப்புவதாக இல்லை. நான் புஃபேயின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். நாலு போல்ட்டில்தான் மேல் பாகம் கீழ் பாகத்தோடு நிற்கிறது. கழற்றினால் இரண்டு சாமான். கண்ணாடி அடுக்கு வடைக்கு, கீழ்ப்பாகம் எனக்கு என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி கழற்றுங்கள் என்றார். வழியில் திறந்துகொள்ளக் கூடாது என்று முசே தன் கையால் எல்லாக் கதவையும் பூட்டினார். வண்டிகள் இரண்டும் புறப்பட்டபோது தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார், பாவம்.

வீட்டுக்கு வந்து கீழ்ப்பாகத்தின் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே சாவி. இரண்டு பாகத்துக்கும் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் சைக்கிளில் மேட்டுப்பாளையம் போய் அடுக்கைத் திறந்து கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றதால் இட்லி கிடைத்தது. கடைக்கு முன்பக்கம் தட்டிதான், கடை மூடும்போது அடுக்கைப் பூட்டியாக வேண்டும். கீழ்ப்பாகத்தை நானும் பூட்டியாக வேண்டும், என் பென்ஷன் காகிதம் எல்லாம் அதில்தான். ஆகவே காலையில் திறக்க ஒரு நடை, சாயங்காலம் பூட்ட ஒரு நடை.

இப்படி இரண்டு மாதம். முப்பத்தைந்து வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான். மாற்றுச் சாவி ஒன்றை அரத்தால் அராவ எனக்கு அரை மணி நேரம் போதும். உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் அராவவில்லை. ஒருநாள் அந்த அம்மா தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே, ஃபிட்டருக்குச் சாவி பண்ணத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். இன்னொரு இட்லி வைத்தார்.

அவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வயது ஐம்பத்திரண்டு. கணவர் போய்ப் பதினைந்து வருடம். பிள்ளை இல்லை. முதல் தேதி வரை கடன் சொல்லும் பையன்களைத் திட்டித் தீர்ப்பார், ஆனால் சோற்றைக் குறைக்க மாட்டார். நான் சொல்லும் மில் கதைகளில் பாதியை நம்ப மாட்டார். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். உன் அம்மா போன இந்த ஏழு வருடத்தில் நான் யாரோடும் இவ்வளவு பேசியதில்லை. சிரித்ததும் இல்லை.

பதினைந்து நாளுக்கு முன் அடித்த மழையில் கடைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. நான் போனபோது தன் தலையில் தண்ணீர் சொட்ட, அடுக்கின் மேல் பாயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி இங்கே இருந்தால் மரம் ஊறிவிடும் என்று சொல்லி, தார்ப்பாயைச் சுற்றி, வண்டியில் ஏற்றி நம் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவாசை ஒரு கை பிடித்தார். கீழ்ப்பாகத்தின் மேல் அதைத் தூக்கி வைத்தோம். ஒரு நூல் விலகாமல் உட்கார்ந்தது. மேகம் விலகி ஜன்னல் வழியாக வெயில் வந்து கண்ணாடியில் பட்டது. ஹால் முழுக்க வெளிச்சம். செல்வாம்பாள் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

அம்மாவாசை போன பிறகு நான்தான் கேட்டேன்.

"இத இனிமே பிரிக்க வேணாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எனக்குச் சம்மதந்தான். ஆனா மொதல்ல ஒங்க பொண்ணுக்கு எழுதுங்க. அது மனசு நோவ நான் இந்த வூட்டுல கால் வக்க மாட்டேன்."

சொன்னபடியே அதற்குப் பிறகு வரவில்லை. வடையை இப்போது கடையில் அலுமினியத் தூக்கில் மூடி வைத்திருக்கிறார். பூட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் காலையில் போய்வருகிறேன்.

வீராயி அத்தை வந்து, அறுபதை எட்டப்போகிற வயதில் ஊர் சிரிக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஊருக்காக நான் தயங்கவில்லை. நீ என்ன நினைப்பாய் என்பதுதான் இரண்டு வாரமாக என் பேனாவைப் பிடித்து வைத்திருந்தது. உன் அம்மாவின் படம் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. அது அங்கேயேதான் இருக்கும். அன்றைக்கு அதன் முன்னால் நின்று, பெண் அம்மா ஜாடையா என்று செல்வாம்பாள் கேட்டார். முகம் அம்மா, கோபம் மட்டும் நான் என்றேன்.

பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தாரே, கிடைத்துவிட்டதா? பிலாயிலிருந்து மெட்ராஸ் வர எத்தனை நாள் ஆகும், வழியில் குழந்தைக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அந்த அம்மா தன் கடைக்கு வரும் லாரி டிரைவர்களிடம் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லி அவர் விசாரிக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அம்மா.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா
மு. கலியபெருமாள்